மனநோயும் தாய்மொழியும்: அமெரிக்க ஸ்பானிய மக்களின் நிலை

காய்ச்சல் கண்டவனின் வெப்பத்தை அளக்கக் கருவி உண்டு. முறிந்த எலும்பைக் காட்ட எக்ஸ்ரே படம் உண்டு. உள்ளத்தில் தோன்றும் நோய்களுக்கோ பெரும்பாலும் அத்தகைய கருவி இன்றளவும் வாய்க்கவில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டும், அவன் சொல்லும் முறையைக் கண்டுமே மருத்துவர் நோயை மதிப்பிடுகிறார். மருந்து ஒருபுறம் இருக்க, சிகிச்சையிலும் பெரும்பகுதி பேச்சினாலேயே நடைபெறுகிறது. அவ்வாறாயின், நோயாளியின் மொழி ஒன்றாகவும் மருத்துவரின் மொழி வேறாகவும் இருந்தால் என்ன நேரும்? மொழி கற்பிக்கும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி இது. அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய வழி மக்களிடையே அரை நூற்றாண்டுக்கு மேலாக இதுபற்றிய ஆராய்ச்சி நடந்து வருகிறது.

‘ஹிஸ்பானிக்’ என்று அந்நாட்டு அரசாங்கம் வழங்கும் பெயருக்குள் பல மக்கள் அடங்குவர். மெக்சிகோ, கியூபா, எல் சல்வடோர், டொமினிக்கன் குடியரசு முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இதில் உளர்; 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உடைய புவேர்ட்டோ ரிக்கோ தீவினரும் உளர். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, அத்தீவை நீக்கியே, இவர்கள் தொகை 6 கோடியே 21 இலட்சம். அஃதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர். ஆங்கிலம் மட்டுமே அறிந்தோரும் இவர்களிடையே உண்டு. பழங்குடி மொழி பேசி, ஸ்பானிய மொழியும் சரிவர அறியாத உழவர்களும் உண்டு. ஆகவே எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் பேசுவது பொருந்தாது.

இம்மக்களுள் பலர் தம் மனத்துயரைக் கூறும் சொற்களே தனி. ‘நெர்வியோஸ்’ என்றால் நரம்புகள் என்பது நேர்பொருள். ஆனால் வழக்கில் அது கவலை, படபடப்பு, தூக்கமின்மை, தலைவலி, அழுகை எல்லாவற்றையும் குறிக்கும். ‘சுஸ்தோ’ என்றால் அச்சம். பெரிய அதிர்ச்சியால் ஆன்மா உடலைவிட்டு நீங்கியதனால் வரும் நோய் என்று அதனைக் கருதுவர். “பிள்ளை பயந்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும்” என்று கூறும் பாட்டிமாரை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மூன்றாவது, ‘அத்தாக்கே தே நெர்வியோஸ்’ என்பது. உற்றார் இறந்த செய்தி கேட்டவுடனோ, குடும்பத்தில் பெரும் பூசல் நேர்ந்தபோதோ ஒருவர் கட்டுக்கடங்காமல் கதறுவார், உடல் நடுங்கும், நெஞ்சில் எழுந்த வெப்பம் தலைக்கு ஏறுவதாகச் சொல்வார். சுற்றியிருப்போருக்கு அதன் பொருள் விளங்கும். 1950களில் அமெரிக்கப் படையில் இருந்த புவேர்ட்டோ ரிக்கோ வீரர்களிடம் இதனைக் கண்ட இராணுவ மருத்துவர்களுக்கு அது விளங்கவில்லை. ‘புவேர்ட்டோ ரிக்கோ நோய்க்குறி’ என்று ஓர் இனத்தின் பெயரையே நோய்க்குச் சூட்டிவிட்டனர்! அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1994ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இச்சொற்களுக்கு இடமளித்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலும் மூன்றும் விளக்கப்பட்டுள்ளன.

சொல் மட்டுமன்று, பேசும் மொழியே மதிப்பீட்டை மாற்றிவிடும். லூயிஸ் மார்க்கோஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, மனச்சிதைவு நோய் கண்ட சிலரை ஒருமுறை ஸ்பானிய மொழியிலும் மற்றொருமுறை ஆங்கிலத்திலும் பேட்டி கண்டனர். ஆங்கிலத்தில் பேசியபோது அதே நோயாளிகளின் நோய் மிகக் கடுமையானதாக மதிப்பிடப்பட்டது. காரணம் வியப்புக்குரியதன்று. இரண்டாம் மொழியில் சொல் தேடுபவன் தயங்குவான். நிறுத்தி நிறுத்திப் பேசுவான். சுருக்கமாக விடையிறுத்து ஒதுங்குவான். வகுப்பறையில் மலாய் அல்லது ஆங்கிலக் கேள்விக்குத் திகைத்து நிற்கும் பிள்ளையை மந்தபுத்தி உடையவன் என்று முடிவு கட்டுவோர் உண்டல்லவா? அத்தகைய பிழைதான் இதுவும். ஆனால் 1970இல் தெல் காஸ்தில்யோ என்னும் மருத்துவர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டிருந்தார். தாய்மொழியில் பேசும்போது வெளிப்பட்ட மனக்கலக்கம், ஆங்கிலத்தில் எண்ணி எண்ணிப் பேசும்போது மறைந்து நின்றது. நோயை மிகுத்துக் காட்டுவதும் மறைத்துக் காட்டுவதும் ஆகிய இரண்டையும் அயல்மொழி செய்யவல்லது என்பதே இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் புலனாவது.

இனி, நோயாளி மருத்துவரை எட்டுகிறாரா என்பதைப் பார்ப்போம். அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரி 2001இல் வெளியிட்ட அறிக்கை இதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஸ்பானிய வழியினர் 1,00,000 பேருக்கு அவ்வினத்தைச் சேர்ந்த மனநலப் பணியாளர்கள் 29 பேரே இருந்தனர்; வெள்ளையர் 1,00,000 பேருக்கு வெள்ளையரான பணியாளர்கள் 173 பேர் இருந்தனர். மனநோய் கண்ட ஸ்பானிய வழியினருள் மனநல நிபுணரை நாடியவர் 11 பேருக்கு ஒருவர்கூட இல்லை. குடியேறியவர்களிடையே 20 பேருக்கு ஒருவர்கூட இல்லை. 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தால் காப்புறுதி பெற்றோர் தொகை பெருகிற்று. ஆயினும் காப்புறுதி இல்லாதோர் விகிதம் இவர்களிடையே வெள்ளையரைவிட இன்னும் மிகுதி. பத்திரம் இல்லாமல் குடியேறியோர் அச்சட்டத்தின் காப்புறுதிச் சந்தையில் பணம் கொடுத்தும் வாங்க இயலாது. மருத்துவமனைக்குச் சென்றால் பிடிபட்டு நாடு கடத்தப்படுவோமோ என்ற அச்சம் வேறு. ‘லோக்கோ’, அதாவது பைத்தியம், என்று ஊரார் தூற்றுவர் என்ற நாணமும் உண்டுதான். ஆனால் இந்த நாணம் ஒன்றையே காரணமாகக் காட்டி, “அவர்கள் பண்பாடு அப்படி” என்று கைகழுவுவோர் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. கதவு பூட்டியிருக்கும் வீட்டுக்குள் ஏன் நுழையவில்லை என்று கேட்பது போன்றது அது.

குடியேற்றமே இவர்களை நோயாளிகளாக்குகிறது என்று எண்ணுவதும் சரியன்று. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ மாவட்டத்தில் மெக்சிகோ வழியினர் 3,012 பேரிடம் நடத்திய ஆய்வை வேகாவும் பிறரும் 1998இல் வெளியிட்டனர். வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநோய் கண்டவர், மெக்சிகோவிலிருந்து வந்தோரிடையே நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேர். அமெரிக்காவிலேயே பிறந்தோரிடையே 48 பேர். வறுமையும் கடும் உழைப்பும் பெற்றோருக்கு. நோய் மிகுதியோ பிள்ளைகளுக்கு! குடும்பப் பிணைப்பு தளர்வதும், இன ஒதுக்கலைப் பிறந்தது முதல் உணர்வதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆராய்ச்சியாளரிடையே இதுபற்றி இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மொழி தெரிந்த மருத்துவர் இல்லாதவிடத்துப் பெரும்பாலும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுகிறான். தாய் தற்கொலையைப் பற்றி எண்ணியதுண்டா என்ற கேள்வியைப் பத்து வயதுச் சிறுவன் அவளிடம் எப்படிக் கேட்பான்? அவள்தான் அவன் வாயிலாக எப்படி விடை சொல்வாள்? அவசர நிலை தவிரப் பிற வேளைகளில் சிறுவர்களை இதற்குப் பயன்படுத்தலாகாது என்று 2016இல் விதி செய்தனர். 1964ஆம் ஆண்டுக் குடிமக்கள் உரிமைகள் சட்டத்தை அடியொற்றி 2000இல் பிறந்த மொழியுதவி ஆணையை 2025இல் அதிபர் டிரம்ப் நீக்கினார். மூலச் சட்டம் நீக்கப்படவில்லை.

பள்ளி ஆசிரியர்களுக்கு இவற்றுள் மிகவும் சுவைதரக்கூடியது 1986இல் கோஸ்தாந்தினோ, மால்காடி, ரோக்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. ‘குவெந்தோ’ என்றால் கதை. நியூயார்க்கில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ சிறுவர்களுக்கு, பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, அத்தீவின் நாட்டுப்புறக் கதைகளையே சிகிச்சையாகக் கொடுத்தனர். அக்கதை மரபில் ஹுவான் போபோ என்றொரு பேதை உண்டு. நம் பரமார்த்த குருவின் சீடர்களுக்கு உறவினன் எனலாம். மருத்துவ உதவியாளரும் தாய்மாரும் கூடியிருந்து இரு மொழிகளிலும் கதையைப் படித்துக் காட்டினர். பின்னர் கதை மாந்தர் செய்தது சரியா, தவறா என்று பிள்ளைகளுடன் பேசினர். ஒரு பிரிவினருக்கு மூலக் கதையே தரப்பட்டது; மற்றொரு பிரிவினருக்கு நியூயார்க் வாழ்க்கைக்கேற்பத் திருத்திய கதை தரப்பட்டது. வழக்கமான சிகிச்சை பெற்ற பிள்ளைகளைவிடக் கதை கேட்ட பிள்ளைகளின் மனப்பதற்றம் குறைந்தது. ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தபோதும் அப்பயன் நீடித்திருந்தது.