சராசரிக்குள் மறைந்த அட்டப்பாடி

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி 2013-இல் நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டில் கேரளத்தின் சிசு இறப்பு விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 12. இந்திய அளவில் 40. கேரளத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்ற மாநிலங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் 12 பொய்யில்லை. ஆனால் அது மாநிலத்துக்கான எண். அந்த எண்ணைத் தரும் மாதிரிப் பதிவு முறை மாவட்டக் கணக்கைக்கூடத் தருவதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு மாவட்டம் வரை இறங்கியதே 2015-16 சுற்றில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பாலக்காடு மாவட்டத்தில் 28 லட்சம் பேர். அட்டப்பாடியின் மக்கள்தொகை சுமார் 64 ஆயிரம். அகளி, புதூர், ஷோளையூர் என மூன்று பஞ்சாயத்துகள், 192 ஊர்கள். அங்கே இருளர், முடுகர், குறும்பர் வீடுகளில் எத்தனை தொட்டில்கள் காலியானாலும் மாவட்டச் சராசரி பெரிதாக அசையாது. திட்டம் தீட்டுபவரின் மேசைக்கு வருவதோ அந்தச் சராசரிதான்.

சுகாதார அமைப்பு ஆய்வு இங்கேதான் தேவைப்படுகிறது. அதன் அக்கறை நோயோடு நிற்பதில்லை. நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது, கர்ப்பிணியை யார் போய்ப் பார்த்தார்கள், வண்டி வந்ததா, டாக்டர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்று அது கேட்கிறது. அட்டப்பாடியில் இப்படிக் கேட்டபோது தாய்மார்களின் இரத்தசோகையும் குழந்தைகளின் குறைந்த பிறப்பு எடையும் முன்னே வந்தன. அவற்றுக்குப் பின்னால், கைவிட்டுப்போன நிலமும், அதோடு போன ராகியும் சாமையும் நின்றன. அதன் பிறகுதான் கேரள அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்தும் சமுதாயச் சமையலறைகள் ஊர்களுக்கு வந்தன. மருந்துச் சீட்டில் எழுத முடியாத சிகிச்சை அது.

இப்படிப்பட்ட ஆய்வு தேசியக் கொள்கையாகவே மாறிய கதையும் நம் நாட்டில் உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 39 கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் வீடு வீடாகத் தாங்களே கணக்கெடுத்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கச் செய்தார்கள். மூன்றாம் ஆண்டில் அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் லான்செட் இதழில் வெளியான அந்த முடிவு, 2011-இல் நாடு முழுவதுக்குமான திட்டமானது. இன்று பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாயை ஆஷா பணியாளர் 42 நாட்களுக்குள் ஆறு முறை போய்ப் பார்ப்பது அதன் பயன்தான். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் போய்விட்டன என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

அட்டப்பாடி போன்ற கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதிக்கென்றே தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. அட்டப்பாடியின் கோட்டத்தறை அரசுப் பழங்குடியினர் மருத்துவமனையிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கோவை போவது பக்கம். சுரம் இறங்கி மண்ணார்க்காடு வழியாகத் திருச்சூர் மருத்துவக் கல்லூரிக்குப் போவது தூரம். இடுக்கியின் தோட்டப் பகுதித் தமிழர்களும் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போகிறார்கள். நம் சட்டப்படி பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். ஷோளையூர்க் குழந்தை கோவையில் இறந்தால் பதிவும் கோவையில்தான். இரண்டு மாநிலப் பதிவேடுகளையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழிய, அந்த ஊரின் உண்மைக் கணக்கு யாருக்கும் தெரியாது. தோட்டங்களில் இன்னொரு சிக்கல். 1951-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் மருத்துவத்தை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. தோட்டம் மூடினால் அதன் ஆஸ்பத்திரியும் பதிவேடும் என்ன ஆகும் என்பதற்குச் சுகாதாரத் திட்டங்களில் தெளிவான பதில் இல்லை.

விதிமுறைகளும் பெரும்பாலும் தலைகளை எண்ணியே எழுதப்பட்டிருக்கின்றன. மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலக்குடியில் முதுவர்கள் காட்டுக்குள் சிதறிய குடிகளில் வாழ்கிறார்கள். நோயாளியை டோலி கட்டித் தூக்கிவர வேண்டிய இடம். மக்கள்தொகையோ 3,000-ஐத் தொடாது; இந்தத் தலைக்கணக்குப்படி துணை நிலையத்துக்கே வழியில்லை. இங்கே எண்ண வேண்டியது நடைநேரத்தை.

அரிவாள் செல் இரத்தசோகையை நினைத்தால் கோபமே வருகிறது. தென்னிந்தியாவில் அது இருப்பதை ஆய்வாளர்கள் லெமனும் கட்புஷ்ஷும் அட்டப்பாடிக்கு அடுத்த நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் கண்டு எழுதியது 1952-இல். அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதனை நடக்கட்டும், ஆனால் பரிசோதனை முடிவைச் சொல்லும் அட்டைகள் எத்தனை வழங்கப்பட்டன என்பதோடு கணக்கை மூடிவிடக் கூடாது. நோய் உறுதியான புதூர்ப் பெண்ணுக்கு ஹைட்ராக்ஸியூரியா மருந்து மாதந்தோறும் கிடைக்கிறதா, வலி வந்த இரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கே அவள் சொன்னதை நம்பினார்களா என்று ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும். அதைக் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்தே செய்ய வேண்டும். ஆனைகட்டியில் தொடங்கலாம், அங்கே எல்லையின் இருபுறமும் இருளர்கள்தான் வாழ்கிறார்கள்.