கன்னத்துக்குள் வெள்ளைக் கோடுகள்

ரசம் சோறு எரிகிறது, பற்பசை எரிகிறது, ஊறுகாயைத் தொடவே முடியவில்லை என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் நடுத்தர வயதைத் தொட்ட பெண்கள். ‘உடம்புச் சூடு’ என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். மணத்தக்காளிக் கீரை, இளநீர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை என்று வைத்தியம் நீளும். சாதாரண வாய்ப்புண் என்றால் இரண்டு வாரத்துக்குள் தானே ஆறிவிடும். ஆறவில்லை என்றால் கன்னத்தை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல்லை ஒட்டிய உள்கன்னத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் கோலம் போட்டதுபோலப் பின்னிக் கிடக்கின்றனவா? துணியால் துடைத்தாலும் போகவில்லையா? இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறதா? அது ‘லைக்கன் பிளேனஸ்’ ஆக இருக்கக்கூடும்.

இந்தப் பெயரை 1869-இல் வைத்தவர் லண்டன் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன். அந்த வெள்ளைக் கோடுகளை 1895-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்கமின் பெயரால் அவற்றை இன்றும் ‘விக்கம் கோடுகள்’ என்கிறார்கள். இது தொற்றுநோய் அல்ல. கணவருக்கோ பிள்ளைகளுக்கோ ஒட்டாது. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே வாயின் உட்சவ்வைக் கொல்லும் நோய் இது.

அந்த இடத்திலிருந்து கடுகளவு சதையை எடுத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். மேலே சவ்வின் அடுக்குகள். சில இடங்களில் அவை தடித்துப்போயிருக்கும். வெளியே வெள்ளையாகத் தெரிவது அதுதான். அடுக்குகளுக்கு நேர் கீழே, சவ்வை ஒட்டினாற்போல் ஊதா நிறத்தில் ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டை முழுக்க நெருக்கியடித்து நிற்பவை டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள். சில டி-செல்கள் எல்லையைக் கடந்து சவ்வின் அடிவரிசைக்குள் புகுந்திருக்கும். அவை ‘கொல்லும் டி-செல்கள்’ என்ற வகையைச் சேர்ந்தவை. பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டு, அதன் மேலுறையில் துளை போடும் புரதத்தையும், உள்ளே போய் அதைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வைக்கும் நொதியையும் வெளியிடும். செத்த செல் சுருங்கி இளஞ்சிவப்பு உருண்டையாகிக் கிடக்கும். வாயின் உட்சவ்வு முழுக்க இந்த அடிவரிசை செல்களிலிருந்துதான் புதிது புதிதாக வளர்கிறது. அடிவரிசை அழிந்தால் மேலே சவ்வு மெலியும், சிவக்கும், புண்ணாகும். மிளகாய்க் காரம் அங்கே போய்ப் படும்போது எரிவதில் வியப்பென்ன?

டி-செல் தானாக அங்கே வருவதில்லை. சவ்வுக்குள் கிளை விரித்தபடி உட்கார்ந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்நியப் பொருளின் துணுக்கைப் பிடித்து டி-செல்லுக்குக் காட்டுகின்றன. 1868-இல் இவற்றைத் தோலில் கண்டுபிடித்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது பெர்லினில் மருத்துவ மாணவர். இவற்றை நரம்பு செல்கள் என்றே அவர் எண்ணினார். இன்னொரு பங்காளி மாஸ்ட் செல். இதன் வயிறு நிறைய மருந்துக் குருணைகள் போன்ற துகள்கள். ஆரோக்கியமான வாயில் ஐந்தில் ஒரு மாஸ்ட் செல் அளவுக்குத்தான் துகள்களைக் கொட்டியிருக்கும். லைக்கன் பிளேனஸில் பாதிக்கு மேற்பட்டவை கொட்டியிருக்கும். அந்தத் துகள்கள் ரத்தக் குழாயைத் திறந்து மேலும் டி-செல்களை வரவழைக்கின்றன. சவ்வைத் தாங்கும் அடித்தளத்தை அரிக்கவும் வழிசெய்கின்றன. அரித்த இடம் வழியே டி-செல்கள் உள்ளே நுழைகின்றன.

டி-செல்தான் காரணம் என்பதற்கு வேறு இரண்டு இடங்களிலிருந்தும் சாட்சி வந்திருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் கொடையாளரின் டி-செல்கள் நோயாளியின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்கும்போது, வாய்க்குள் இதே வெள்ளைக் கோடுகள் தோன்றுவது உண்டு. இரண்டாவது சாட்சி புற்றுநோய் மருத்துவத்திலிருந்து. டி-செல்லின் மேல் இருக்கும் ‘பிடி-1’ என்ற தடையைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கு 2018-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தத் தடையை நீக்கும் மருந்துகள் புற்றைத் தாக்க டி-செல்லை அவிழ்த்துவிடுகின்றன; அவற்றைப் பெறும் சிலரின் வாயிலும் லைக்கன் போன்ற புண்கள் வருகின்றன. நோயில் டி-செல்லின் பங்கை இவை இரண்டும் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆனால் வாயில் ஆறாத புண் எல்லாம் டி-செல்லின் வேலை அல்ல. பெம்பிகஸ் என்ற நோயில் பி-செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள், சவ்வு செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் டெஸ்மோக்ளைன்-3 என்ற புரதத்தைத் தாக்குகின்றன. செல்கள் பிரிந்து, தோலுரிந்த புண்களாகின்றன. பலருக்கு உடம்பில் கொப்புளம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே வாயில்தான் இது ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு பி-செல்களைக் குறிவைக்கும் ரிடக்ஸிமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. எரிச்சல் ஒன்றுதான், ஆனால் குற்றவாளி வேறு, சிகிச்சையும் வேறு. அதனால்தான் சதையைக் கடுகளவு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி என்றதும் பயந்து ஓடக் கூடாது என்று மன்றாடிக் கேட்க வேண்டியிருக்கிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும், பல்லில் அடைத்த வெள்ளிக் கலவையும்கூட லைக்கன் போலவே கோடுகளை உண்டாக்கும். என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறோம் என்ற பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

லைக்கன் பிளேனஸை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. எரிச்சல் இருந்தால் ஸ்டீராய்டு பசையைப் புண்மேல் ஒற்றி வைத்து, அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கச் சொல்வார்கள். டி-செல்களின் வேகம் குறையும். அதே டி-செல்களில் ஒரு பிரிவுதான் வாயில் வாழும் கேண்டிடா பூஞ்சையை அடக்கி வைத்திருக்கிறது. எனவே பசை தடவும்போது நாக்கில் வழித்தால் வரும் வெள்ளைப் படிவம் தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு ஆண்டுகள் கழிந்து அந்த இடத்தில் புற்று தோன்றலாம் என்பதால், எரிச்சல் அடங்கிய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் கன்னத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். புகையிலையும் பாக்கும் போடுகிறவர்கள் அன்றே நிறுத்திவிடுவது நல்லது.