கடனுக்குப் பெயர் வைப்பவர் யார்?

மகன் புதிய கைப்பேசி ஒன்றுடன் வீட்டிற்குள் நுழைகிறான். "இவ்வளவு பணம் ஏது வாப்பா? கடன் வாங்கினாயா?" என்று உம்மா கவலையோடு கேட்கிறார். "கடனெல்லாம் இல்லை உம்மா, நோ காஸ்ட் இ.எம்.ஐ.தான்" என்று மகன் சிரித்தபடி விடை பகர்கிறான். உம்மாவும் மன நிறைவுடன் அடுக்களைக்குத் திரும்பி விடுகிறார்.

வாசக அன்பர்களே! இத்தகைய உரையாடல் இன்று நம் இல்லங்களில் எங்கும் நிகழக்கூடியதே. அந்த மகன் தாயிடம் பொய்யுரைக்கவில்லை. தான் பட்டிருப்பது கடன் என்னும் எண்ணமே அவன் உள்ளத்தில் எழவில்லை. ஒரு சொல் தன் பணியை அத்துணைத் திறம்படச் செய்து முடித்திருக்கிறது!

பணத்தைக் குறித்து இளைஞர்கள் வழங்கும் புதுச் சொற்களைச் சற்றே செவிமடுத்துக் கேளுங்கள். பை நவ் பே லேட்டர், பிரீ அப்ரூவ்டு, மினிமம் ட்யூ, கிரெடிட் லிமிட் என்று அவை நீண்டுகொண்டே போகின்றன. இவற்றுள் ஒன்றிலேனும் கடன், வட்டி என்பவற்றை நினைவூட்டும் தமிழ்ச்சொல் தலைகாட்டுகிறதா? "உங்களுக்கென இவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டுள்ளது" என்று கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியைக் கண்டு, அதைப் பரிசென்றே ஒருவர் எண்ணிவிட்டால் அவரைக் குறை கூறவும் இயலாது.

நம் ஊர்களில் கடனுக்குக் கொச்சைப் பெயர்கள் முன்பும் இருந்தனவே என்று கேட்பீர்கள். இருந்தன, இன்றும் இருக்கின்றன. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று கடைத்தெருவில் வழங்கிய பெயர்கள் சட்டப் புத்தகத்திலேயே இடம்பெற்றுவிட்டன. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட மிகை வட்டித் தடைச் சட்டம் இப்பெயர்களையும், நாள் வட்டி, மணி வட்டி என்பவற்றையும் எடுத்தெழுதி விளக்கம் தருகிறது. அச்சொற்களின் இயல்பைக் கவனியுங்கள். வாடகை வண்டியின் மீட்டரைப் போல நில்லாமல் ஏறுவது என்பதை 'மீட்டர் வட்டி' என்னும் பெயரே உரைத்துவிடும். அதைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சம் பதைக்கும். அவை, கடன்பட்டு நொந்தவரின் வாயில் பிறந்த சொற்கள் என்றே தோன்றுகிறது. இன்றைய இனிய சொற்களோ, கடனை விற்பவரின் விளம்பர அறையில் பிறந்தவை.

'நோ காஸ்ட்' என்பதன் உட்பொருளைச் சிறிது பிரித்துப் பார்ப்போம். 24,000 ரூபாய் விலையுள்ள கைப்பேசியை மாதம் 2,000 ரூபாய் வீதம் 12 தவணைகளில் கடன் அட்டை வழியே வாங்குவதாகவும், வங்கி விதிப்பது ஆண்டுக்கு 15 சதவீத வட்டி எனவும் வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால், வங்கி கடனாகத் தருவது ஏறத்தாழ 22,160 ரூபாய். மீதி 1,840 ரூபாய் வட்டி. அவ்வட்டித் தொகையைக் கடைக்காரரோ, உற்பத்தியாளரோ விலையில் தள்ளுபடியாகக் கொடுத்து ஈடு செய்கிறார். ஆகவே வட்டி இல்லாமற் போகவில்லை. விலைக்குள் ஒளிந்து கொண்டது. அத்துடன் அவ்வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியாக ஏறத்தாழ 331 ரூபாயும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவரின் தலையில் விழுகின்றன. ரொக்கம் கொடுத்து வாங்குபவரோ, அந்த 1,840 ரூபாய்த் தள்ளுபடி தமக்கும் கிடைக்குமா என்று கேட்கத் தோன்றாமலேயே முழு விலையைக் கொடுத்துச் செல்கிறார்!

இதனை ஆலிம்கள் மட்டும் கூறவில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று இருக்கவே இயலாது என்றும், வட்டியானது கட்டணம் என்னும் போர்வையில் மறைக்கப்படுகிறது என்றும் 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது.

'மினிமம் ட்யூ' என்பது இதனினும் கொடியது. குறைந்த அளவுத் தொகையைக் கட்டியவர், கடமை தீர்ந்தது என எண்ணி உறங்கச் செல்கிறார். மீதித் தொகை மீது மாதம் மூன்றரை சதவீதம் என்றால், ஆண்டுக்கு 42 சதவீதம். அதற்கு 'மீட்டர் வட்டி' என்று எவரும் பெயரிடவில்லை, அவ்வளவுதான்.

தவணையில் வாங்குவதே கூடாதா என்று சிலர் ஐயுறலாம். பொருளுக்கு உடையவரான வணிகர், ஒரே விலையைப் பேசி முடித்து, அதைத் தவணைகளாகப் பெற்றுக்கொள்வதை மார்க்க அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்றுள்ளனர். இங்கோ மூன்றாமவராக ஒரு வங்கி வந்து நின்று, பணத்தைக் கொடுத்து, பணத்துக்கு மேல் பணம் பெறுகிறது. வணிகமும் வட்டியைப் போன்றதுதானே என்று வாதிட்டவர்களைத் திருமறையின் 'அல்பகரா' அத்தியாயம் கண்டிக்கிறது. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டும் தந்திரம் நேற்று இன்று தோன்றியதன்று.

அதே அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதைப் பலரும் அறிவோம். அதில் நாம் விரைந்து கடந்துபோகும் நுட்பம் ஒன்றுண்டு. எழுதுபவர் எழுத, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுப்பவர் அல்லர், கடன்படுபவரே! தம் வாயால், தமக்குப் புரிந்த மொழியில், இன்ன தொகை இன்ன தவணைக்கு என்று அவர் சொல்ல வேண்டும். அதற்கு இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும். இன்று நடப்பதென்ன? கொடுப்பவர் எழுதிய பல பக்க ஆங்கில நிபந்தனைகளின் அடியில், 'சம்மதம்' என்னும் சிறு கட்டத்தை நம் பிள்ளை விரலால் தொட்டுவிடுகிறான்.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடன் சுமையிலிருந்து அடிக்கடி பாதுகாவல் தேடினார்கள். காரணம் வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும், வாக்களித்தால் மாறு செய்யவும் நேரிடுகிறது என்று விளக்கம் அருளினார்கள். மறைப்பது கடனின் முதல் விளைவு.

புதுச் சொற்கள் அனைத்தும் தீயவை என்று சொல்ல நாம் வரவில்லை. 2023-இல் நியூசிலாந்து வானொலி நிகழ்ச்சி ஒன்றால் 'கேர்ள் மேத்' என்னும் சொல் பரவிற்று. ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவே ஆகாது, திருப்பிக் கொடுத்த சட்டையின் விலை வருமானம் என்பன போன்ற வேடிக்கைக் கணக்குகள் அதில் அடங்கும். பெண்களை மட்டும் ஏன் இழுத்தார்களோ! ஆண்கள் வாகனம் வாங்கும் கணக்கும் அத்தகையதே. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க நகைச்சுவையாளர் லூகாஸ் பேட்டில் என்பவர் விளையாட்டாக 'லவுட் பட்ஜெட்டிங்' என்றொரு சொல்லை உலவவிட்டார். "என்னிடம் பணம் இருந்தாலும் இதற்குச் செலவிட மாட்டேன்" என்று நாலுபேர் கேட்க உரக்கச் சொல்வதே அதன் பொருள். திருமண வீட்டு விருந்திற்கும் சீர்வரிசைக்கும் அஞ்சி, வாய் திறவாமல் கடன்படும் நம் குடும்பங்களுக்கு, எங்கோ பிறந்த இச்சொல் மிகவும் பொருந்துகிறது.

நோ காஸ்ட் தவணைக்கு மாற்றும் முன்பே அசல், வட்டி, தள்ளுபடி ஆகிய மூன்றையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும், மாதக் கணக்கு அறிக்கையிலும் அவற்றைத் தனித்தனியே குறிக்க வேண்டும் என்றும் 2022-இல் ரிசர்வ் வங்கி கடன் அட்டை நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. மகனுடைய கைப்பேசிக்கு முதல் மாத அறிக்கை வந்ததும், உம்மா அவனை அருகில் அமர்த்தி அந்த மூன்று வரிகளையும் தமிழில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லட்டும்.