நெபிராஸ்காவின் நொறிஸ்

மக்கள் தெரிந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி, அவர்தம் விருப்பின் வழி நடப்பதா, தன் மனச்சான்றின் வழி நடப்பதா? சனநாயகம் நிலவும் நாடுகளிலெல்லாம் எழும் இவ்வினாவுக்குத் தமது வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் ஜோர்ஜ் நொறிஸ். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சோளமும் கோதுமையும் விளையும் நெபிராஸ்கா மாநிலத்தின் சார்பில், 1903 தொடக்கம் 1943 வரை நாற்பது ஆண்டுகள் காங்கிரசில் அங்கம் வகித்தவர் அவர்.

நொறிஸ் 1861ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்து ஏழைக் கமக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதிலே தந்தையை இழந்தார். வயல் வேலை செய்தும், ஆசிரியராக இருந்து பொருளீட்டியும் சட்டம் பயின்றார். 1885இல் நெபிராஸ்கா சென்று வழக்கறிஞராகவும், பின்னர் நீதிபதியாகவும் விளங்கினார்.

குடியரசுக் கட்சியின் சார்பிற் பிரதிநிதிகள் சபை புகுந்த அவர், கட்சிக்கு அடிமையாகவில்லை. அக்காலத்தில் அச்சபையின் குழுக்களையெல்லாம் நியமிக்கும் அதிகாரம் சபாநாயகர் கனன் ஒருவரிடமே குவிந்திருந்தது. கனன் தம் கட்சியினரே எனினும், 1910இல் அவரது அதிகாரத்தைக் குறைக்கும் தீர்மானத்தைக் கொணர்ந்து வென்றவர் நொறிஸ்.

1913இல் அவர் செனெற் சபை உறுப்பினரானார். 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரிற் புகுவதற்கு 82 உறுப்பினர் வாக்களித்தனர், எதிர்த்தோர் அறுவரே. அவ்வறுவருள் நொறிஸ் ஒருவர். நாடெங்கும் வசைமாரி பொழிந்தது. அவர் ஒளிந்தாரல்லர், தம் காரணங்களை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1918இல் நெபிராஸ்கா மக்களே அவரை மீண்டும் தெரிந்தனுப்பினர். தமக்கு உடன்பாடில்லாத போதும் நேர்மையை மதிக்கும் பண்பு நாட்டுப்புறத்தாரிடம் இருந்தது.

அவரது நீண்ட போராட்டம் ரெனசி ஆற்றைப் பற்றியது. போர்க்காலத்தில் அரசாங்கம் அங்குத் தொடங்கிய அணையைத் தனியார் பெற முயன்றபோது, ஆற்றின் ஆற்றல் பொதுமக்களுக்கே உரியதென்று அவர் வாதாடினார். அவ்வாறு நெபிராஸ்காவுக்கு மிகத் தொலைவிலுள்ளது. அதனால் அவருக்குக் கிடைக்கக்கூடிய வாக்கு ஒன்றேனும் இல்லை. அவரது சட்டமூலத்தை 1928இல் சனாதிபதி கூலிஜும், 1931இல் சனாதிபதி ஹூவரும் ஏற்க மறுத்தனர். ஈற்றில், 1933இல் சனாதிபதி றூஸ்வெல்ற் கையொப்பமிட, ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபை தோன்றியது. அது கட்டிய முதல் அணை நொறிசின் பெயரைத் தாங்குகின்றது. வெள்ளத்தைத் தடுத்து, மின்சாரம் ஆக்கி, நிலத்தையும் பேணும் அத்திட்டமே, இலங்கையில் 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரியாயிற்று.

அந்நாளில் அமெரிக்கக் கமக்காரரின் இல்லங்களிற் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. சிதறிய வீடுகளுக்குக் கம்பி இழுப்பதில் இலாபமில்லையென்று கம்பனிகள் கருதின. நொறிசும் ரெக்சாஸ் மாநிலத்து றேபேணும் முன்னின்று கொணர்ந்த 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கமக்காரரின் கூட்டுறவுச் சங்கங்கள் அரசாங்கக் கடன் பெற்றுத் தாமே மின்சாரத்தைக் கொணர்ந்தன. இருபது ஆண்டுகளுள் பெரும்பாலான பண்ணைகளில் மண்ணெண்ணெய் விளக்கு மறைந்தது.

1942ஆம் ஆண்டுத் தேர்தலில், எண்பத்தொரு வயதில், நொறிஸ் தோல்வியுற்றார். 1944இல் தமது சிற்றூராகிய மக்குக்கில் மறைந்தார். மக்களுக்கு இனியதைச் சொல்லாது, நல்லதெனத் தாம் கண்டதைச் செய்து, அவர்தம் தீர்ப்புக்கு ஒவ்வொரு முறையும் தலைவணங்கினார். பிரதிநிதியின் கடமை அவ்விரண்டும் சேர்ந்ததே.