ஓதப் பாறையில் ஒட்டுநத்தை வாழ்வு

முன்னுரை

மாமல்லபுரம் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவன பல்லவர் படைத்த கற்கோயில்களே. அவை 1984 ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன. ஆயின், செங்கற்பட்டு மாவட்டத்தின் இக்கரையில் உளி படாத பாறைகளும் பல உள. சோழமண்டலக் கடற்கரை பெரும்பாலும் மணலால் ஆயது. அலைக்குள் கால் நீட்டி நிற்கும் பாறைகள் அதில் அரியன. மணலில் வாழ இயலாத உயிர்கள் பல அப்பாறைகளையே புகலிடமாகக் கொண்டுள்ளன. அவற்றுள் ஒன்றைக் குறித்து ஈண்டுக் காண்போம்.

ஒட்டுநத்தை

ஆங்கிலத்தார் லிம்பெட் என வழங்கும் இவ்வுயிர் நத்தையினத்தைச் சார்ந்தது. இதன் ஓடு சுருளாமல், கவிழ்த்த சிறு குடைபோல் கூம்பியிருக்கும். பாறையை விடாது பற்றி வாழ்தலின் இதனை ‘ஒட்டுநத்தை’ எனக் குறிப்போம். இந்தியப் பாறைக் கரைகளில் பரவலாகக் காணப்படும் இனம் செல்லானா ரேடியேட்டா என்பது. பாறைமேல் படரும் நுண்பாசியை அரம் போன்ற நாவினால் சுரண்டி உண்பது இதன் இயல்பு. ஐரோப்பியக் கரைகளில் வாழும் ஓர் ஒட்டுநத்தையின் பற்களே, அதுவரை அளந்தறியப்பட்ட உயிர்ப்பொருள்களுள் மிக வலியன என்று 2015 ஆம் ஆண்டு போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர்.

நிலமும் பொழுதும்

இந்நத்தைகள் பாறையெங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு மட்டத்தில் செறிந்தும், அதற்கு மேலும் கீழும் அருகியும் காணப்படும். இதன் காரணம் யாது? தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, உயிர்களைக் கருப்பொருளுள் அடக்கினார். அவர் கூறியது இலக்கியத்திற்கு. எனினும் ஓதப் பாறையை விளங்கிக்கொள்ள அப்பாகுபாடு நமக்குப் பெரிதும் உதவுகின்றது.

இங்கு நிலம் என்பது பாறையின் உயரம். பொழுது என்பது கடல்நீர் வந்து போகும் காலம். நம் கரையில் ஏறத்தாழ 24 மணி 50 நிமிடங்களுக்குள் ஓதம் இருமுறை ஏறி இருமுறை வற்றும். இது சிறுபொழுது. வங்கக் கடலின் சராசரி நீர்மட்டம் சென்னையை ஒட்டிய கரையில் பங்குனி, சித்திரை அளவில் தாழ்ந்தும், ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். இது பெரும்பொழுது. குசராத்தின் பவநகரில் ஓதம் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதுண்டு. நம் கரையிலோ உவா நாள்களில்கூட அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினதே. ஆதலின் அங்குப் பரந்து விரியும் உயிர்மண்டலங்கள் இங்குச் சில அடி உயரத்துள் அடுக்கப்பெற்றுள்ளன. அலை ஓங்கி மோதும் பாறை முகத்தில் நீர்த்திவலை மேலெழுவதால் அவ்வடுக்குகளும் சற்று உயர்ந்து அமையும்.

மேல் எல்லையும் கீழ் எல்லையும்

மேல் எல்லையை வகுப்பது பெரும்பாலும் கதிரவன். நீர் வற்றிய நண்பகலில் பாறை கொதிக்கும். நத்தை தன் ஓட்டினைப் பாறையோடு இறுக அழுத்தி, உள்ளே சிறிதளவு நீரைச் சிறைப்படுத்திக் காத்திருக்கும். அந்நீர் தீருமுன் கடல் திரும்பாவிடில் அதற்கு இறுதியே. ஒரே இனத்துள்ளும் இடத்திற்கேற்ப ஓட்டின் வடிவம் மாறுபடுகின்றது. பாலபரமேசுவர ராவ், கணபதி ஆகிய அறிஞர்கள் விசாகப்பட்டினக் கரையில் செல்லானா ரேடியேட்டாவை ஆராய்ந்து, பாறையில் வாழும் மட்டத்திற்கும் ஓட்டின் அமைப்பிற்கும் உள்ள தொடர்பை 1971 ஆம் ஆண்டளவில் விளக்கினர். பொதுவாக, மேல்மட்டத்தில் வாழ்வனவற்றின் ஓடு உயர்ந்து கூம்பியிருக்கும். கீழ்மட்டத்தில் வாழ்வனவற்றின் ஓடு தாழ்ந்து தட்டையாயிருக்கும்.

கீழ் எல்லையை வகுப்பன பிற உயிர்கள். நீர் நீங்காத இடத்தில் உணவு மிகுதி, பகையும் மிகுதி. நண்டும் மீனும் ஊனுண்ணும் நத்தைகளும் அங்கு உலவும். அடர்ந்த கடற்பாசியும் பிற ஒட்டுயிர்களும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆக, மேலே வெயிலுக்கும் கீழே பகைக்கும் நடுவே கிடைத்த இடைவெளியே ஒட்டுநத்தையின் ஊர்.

சிற்றுயிர் காக்கும் ஒழுங்கு

இந்நத்தை பாறையில் குடியிருப்பது மட்டும் அன்று. அப்பாறையின் தோற்றத்தையே அது காத்து நிற்கின்றது. 1967 மார்ச்சுத் திங்களில் டோரி கேனியன் என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே உடைந்தது. எண்ணெயை நீக்கத் தெளிக்கப்பட்ட வேதிப்பொருள்கள் ஒட்டுநத்தைகளைப் பெருவாரியாகக் கொன்றன. மேய்வார் இன்மையின் பாறைகள் பச்சைப் பாசியால் மூடப்பட்டன. பின்னர்ப் பெரும்பாசிகள் அடர்ந்தன. முன்பிருந்த கொட்டலசுகள் இடமிழந்தன. மிகவும் தாக்குண்ட பாறைகள் பழைய நிலையை எய்த 10 முதல் 15 ஆண்டுகள் ஆயின. கேட்டினை நீக்கச் செய்த முயற்சியே பெருங்கேடாய் முடிந்தது இதன் படிப்பினை.

இஃது எங்கோ நிகழ்ந்த கதை என நாம் வாளா இருத்தற்கில்லை. 2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் திரண்ட எண்ணெயைத் தன்னார்வலர் பலர் வாளிகளால் அள்ளியதை நாடறியும். எண்ணெய் படிந்த மணலை அள்ளி அகற்றலாம். பாறையில் ஒட்டிய உயிரை எங்ஙனம் அள்ளி மீட்பது? பாறைகள் அரியனவாகிய நம் கரையில் ஓரிடம் வெறுமையுற்றால், அடுத்த பாறைக் கூட்டத்திலிருந்து நீரோட்டத்தில் மிதந்துவரும் இளவுயிர்களே அதனை மீண்டும் குடியேற்ற வேண்டும்.

முடிவுரை

கற்கோயிலைக் காணச் செல்லும் மாணவர்கள், ஓதம் வற்றும் நேரமறிந்து, அலையின் சீற்றம் இல்லாத இடத்தில் ஓர் அளவுகோலுடன் இப்பாறைகளையும் நோக்குதல் வேண்டும். எம்மட்டத்தில் எத்துணை நத்தைகள் உள்ளன, அவற்றின் ஓடு எத்துணை உயரம் என ஆண்டுதோறும் எண்ணிக் குறித்துவரின், அக்குறிப்பேடே இக்கரையின் நலிவையும் நலத்தையும் காட்டும் சான்றாகும். எண்ணுங்கால் அவற்றைப் பெயர்த்தெடுத்தல் கூடாது. வலிந்து பெயர்க்கப்பட்ட நத்தை பெரும்பாலும் பிழைப்பதில்லை. பல்லவர் செதுக்கிய பாறையைக் காக்கக் காவலர் உளர். ஓதம் செதுக்கிய இவ்வாழ்வைக் காக்க அறிந்தோரின் அக்கறையே காவல்.