கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

அட்மிஷன் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் பெற்றோர் களைத்துப்போய்விடுகிறார்கள். ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், ரத்த வகை, வேன் நிற்கும் இடம் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்து, கிளார்க் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். பள்ளி நிகழ்ச்சிகளில் எடுக்கும் படங்களையும் வீடியோக்களையும் பள்ளி பயன்படுத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்படி ஒரு வரியே இல்லாமல் படம் வெளியே போகும் பள்ளிகளும் உண்டு.

அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஆண்டு மலரில் வரும் வகுப்புக் குழுப்படம், வாட்ஸ்அப் குழுவில் பகிரும் குடியரசு தினப் படம், மாறுவேடப் போட்டியில் பாரதியாராக வந்த யுகேஜி பையனைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவது, தேர்வு முடிவு வந்ததும் பஸ் ஸ்டாண்டு எதிரில் பெயரும் மதிப்பெண்ணும் போட்டுக் கட்டும் ஃபிளக்ஸ், அடுத்த ஆண்டு சேர்க்கைக்காகக் குழந்தையைப் பேசவைத்து எடுக்கும் ரீல்ஸ். குழுப்படம் குடும்பம் பாதுகாக்கும் நினைவு. ரீல்ஸ் பள்ளியின் விளம்பரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்குவது நியாயம் இல்லை.

திருவண்ணாமலையில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான வெளியூர்க்காரர்கள் நடக்கும் ஊர் இது. சாலையோர ஃபிளக்ஸில் இருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியின் முகம், பெயர், பள்ளி மூன்றையும் அவளுக்குத் துளியும் அறிமுகமில்லாதவர்கள் படித்துக்கொண்டு போகிறார்கள். மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டி வேண்டாம் என்று பொதுத்தேர்வுகளில் மாநில அளவிலான தரவரிசை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. ஃபிளக்ஸ் கட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த ஊர்ப் பெற்றோருக்குத் தெரிந்த இன்னொரு நடைமுறை இருக்கிறது. கார்த்திகை தீபக் கூட்டத்தில் குழந்தைகள் காணாமல் போகாமலிருக்க, பெயரும் பெற்றோரின் செல்போன் எண்ணும் எழுதிய பட்டையை மணிக்கட்டில் போலீசார் கட்டிவிடுகிறார்கள். யாரும் மறுப்பதில்லை. எதற்காக என்பது தெரியும். வீட்டுக்கு வந்ததும் கத்தரித்துப் போட்டுவிடலாம். பள்ளிப் படிவத்திலும் இதே இரண்டைத்தான் கேட்க வேண்டும்: எதற்காக, எதுவரை?

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கௌல், தன் தனித் தீர்ப்பில் குழந்தைகள் இணையத்தில் விட்டுச்செல்லும் அழியாத தடயங்களைப் பற்றிக் கவலையோடு எழுதினார்.

அடுத்து வந்தது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்க வேண்டும். ஒப்புதல் கட்டாயப்படுத்தாமல், நிபந்தனையில்லாமல், குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். தமிழில் படித்துப் பார்க்கும் வசதி வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. கல்விக்காகவும் பாதுகாப்புக்காகவும் மாணவர்களைக் கண்காணிக்கப் பள்ளிகளுக்கு விலக்கு இருக்கிறது. விளம்பர ரீல்ஸுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இணையத்துக்குப் போன படம் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதற்கு ஓர் உதாரணம். செயற்கை நுண்ணறிவைப் பழக்கப் பயன்பட்ட லயான்-5பி என்ற தொகுப்பில், 585 கோடிப் படங்களில் மிகச் சிறு பகுதியை மட்டும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2024-இல் ஆராய்ந்தது. அந்தச் சிறு பகுதியிலேயே 190 ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்கள் கிடைத்தன. ஒரு படத்தின் குறிப்பில் இரண்டு சிறுவர்களின் முழுப் பெயர், வயது, அவர்கள் படிக்கும் பெர்த் நகர மழலையர் பள்ளி எல்லாமே இருந்தன. படத்தைப் போட்டவர்களுக்கு அது இப்படிப் போய்ச் சேரும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

சில குடும்பங்களுக்கு ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு, ஊருக்குத் தெரியாமல் வேறிடத்தில் குடியிருக்கும் தம்பதியின் முகவரியை, பள்ளிப் பெயர் போட்ட சட்டையோடு குழந்தை நிற்கும் ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று வழக்கு நடக்கும் வீடுகளிலும் இதே பயம் உண்டு. போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. இப்படிப்பட்ட பெற்றோர் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

அதற்காக எல்லோரும் மறுத்துவிட வேண்டும் என்பதில்லை. ஜவ்வாது மலைப் பள்ளியில் மாவட்டக் கபடிப் போட்டியில் ஜெயித்த பெண்ணின் படம் நாளிதழில் வந்தால், வெட்டி லேமினேட் செய்து வீட்டில் மாட்டிவைப்பார்கள். அந்தச் சந்தோஷத்தை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒப்புக்கொள்ளாத பகுதியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் சம்மதத்தை எழுதலாம்: ஆண்டு மலருக்கும் குழுப்படத்துக்கும் சம்மதம், சமூக வலைதளத்தில் முழுப் பெயரும் வகுப்பும் வேண்டாம், விளம்பரத்துக்கு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும். தேதியோடு கையெழுத்திட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மனம் மாறினால் கடிதம் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் அச்சான மலரையும், பிறர் செல்போனில் சேமித்துவிட்டதையும் திரும்ப வாங்க முடியாது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையாக இருந்தால், கையெழுத்துப் போடுமுன் அதன் விருப்பத்தையும் கேட்பது நல்லது. கூடப் படிப்பவர்களின் கேலியைத் தாங்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

பள்ளியின் பங்கும் இருக்கிறது. சம்மதம் தராதவர்களின் பட்டியல் அலுவலக பீரோவிலேயே கிடந்தால் பயனில்லை. ஆண்டு விழாவுக்கு முன் அது வகுப்பு ஆசிரியை கைக்கும், வீடியோ எடுக்க வரும் ஸ்டூடியோக்காரர் கைக்கும் போக வேண்டும். அந்தக் குழந்தையும் மேடையேறி ஆட வேண்டும். இணையத்தில் போடும் வீடியோவில் மட்டும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் போதும்.