மாத்திரையால் கொழுப்பு ஏறினால் மாத்திரையை மாற்ற வேண்டுமா?

இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் மாத்திரைகளில் சில, ரத்தக் கொழுப்பின் அளவை மாற்றத்தான் செய்கின்றன. அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர்கள் டிரைகிளிசரைடை உயர்த்தி, ‘நல்ல கொழுப்பு’ என்று சொல்லப்படும் ஹெச்.டி.எல்.லைச் சற்றுக் குறைக்கும். குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகளால், முக்கியமாக ஆரம்ப மாதங்களில், ‘கெட்ட கொழுப்பு’ எல்.டி.எல். கொஞ்சம் ஏறும். தாறுமாறான இதயத்துடிப்புக்குத் தரப்படும் அமியோடரோன், சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைத்து அதன் வழியாகக் கொலஸ்ட்ராலைக் கூட்டிவிடும். அம்லோடிபின், எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகையறாக்களால் பெரிய மாற்றம் எதுவும் வருவதில்லை. அப்படியானால் கொழுப்பை ஏற்றாத மாத்திரைதானே நல்ல மாத்திரை என்று தோன்றும். ஆய்வுகள் காட்டுவது வேறு.

அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ‘ஆல்ஹாட்’ ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ள 42,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர்களில் ஒரு பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் தன்மையுள்ள டாக்ஸசோசினும், இன்னொரு பிரிவினருக்குக் குளோர்தாலிடோனும் தரப்பட்டன. கொழுப்புக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் டாக்ஸசோசின் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவில் இதயச் செயலிழப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததால், 2000-ம் ஆண்டில் அந்த மருந்தைத் தருவதையே பாதியில் நிறுத்தினார்கள். பீட்டா பிளாக்கரின் கதையும் இதேதான். மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,837 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1982-ல் வெளியானது. டிரைகிளிசரைடை ஏற்றும் அதே ப்ரோப்ரனலால், மரண விகிதத்தை 9.8 சதவீதத்திலிருந்து 7.2 ஆகக் குறைத்திருந்தது. துடிப்பை மட்டுப்படுத்தி இதயத்தின் சுமையைக் குறைப்பதால் கிடைக்கும் லாபத்துக்கு முன்னால், கொழுப்பில் வரும் சிறு ஏற்றம் பெரிதல்ல.

‘கொழுப்பு அளவு அவ்வளவு அற்பம் என்றால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டேட்டின் சாப்பிட்ட இதய நோயாளிகளிடையே மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஸ்டேட்டினுக்கு மதிப்பு வந்தது, அது உயிரைக் காத்ததால்தான். எண் திருந்தினால் போதும் என்றால் டார்செட்ராபிப் இன்று சந்தையில் இருந்திருக்கும். நல்ல கொழுப்பை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்தி, கெட்ட கொழுப்பையும் குறைத்த மருந்து அது. அதைச் சாப்பிட்டவர்களிடையே மரணங்கள் அதிகரித்ததால் 2006 டிசம்பரில் கைவிடப்பட்டது.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. சர்க்கரை நோயோடு டிரைகிளிசரைடும் எகிறியிருப்பவருக்குச் சிறு ஏற்றமும் தொல்லைதானே? உண்மைதான். அவருக்குப் பீட்டா பிளாக்கர் அவசியமென்றால், கொழுப்பை அவ்வளவாகப் பாதிக்காத கார்வெடிலால், நெபிவலால் போன்றவை இருக்கின்றன. வெறும் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்றால் வேறு வகை மாத்திரைக்கே மாறலாம். அமியோடரோன் சாப்பிடுபவருக்குக் கொலஸ்ட்ரால் திடீரென ஏறினால், முதலில் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும். இவையெல்லாம் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவுகள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால், நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரக்கூடும். ஏறிய கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டினும் உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் இருக்கின்றன. அதற்காக இதயத்தைக் காக்கும் மாத்திரையைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.